எடுத்து ஒளித்த நாற்காலிகள்

அந்தக் கல்லூரியின் அரசியல் அறிவியல் துறையில் ஆசிரியர்கள் இரண்டே பேர். ஒருவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் வரையறை. எதைக் கேட்டாலும் "முதல்ல அதை வரையறுப்போம்" என்று ஆரம்பிப்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். இன்னொருவர் டிவி சார். இருவரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். ஒரே அறை, எதிரெதிர் மேசை. நடுவில் சுழலும் மின்விசிறி டிவி சார் பக்கமே அதிகம் வீசுகிறது என்பது வரையறையின் நெடுநாள் சந்தேகம்.

அதைப் பொறாமை என்று அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். கருத்து வேறுபாடு என்பார். தேர்தல் வந்துவிட்டால் டிவி சார் சேனல் சேனலாகப் போய் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்வார். பாதி தப்பும். தப்பினாலும் மறுபடி கூப்பிடுவார்கள். வரையறையிடம் கல்யாண வீட்டில் யாராவது, "இந்தத் தடவ யாரு சார் வருவாங்க?" என்று கேட்டால், "டாக்டர்கிட்டப் போய் நான் எப்ப சாவேன்னு கேப்பீங்களா? உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னுதானே அவர் படிச்சிருக்கார்!" என்பார். கேட்டவர் அதோடு பந்திக்கு எழுந்து போய்விடுவார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. "அவர் பேசினா புரியுதுங்க. நீங்க பேசினா பரீட்சை எழுதற மாதிரி இருக்கு," என்பாள் மனைவி, டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "சட்டைகூட எடுப்பா இருக்கு." அடுத்த வாரமே அதே நீலத்தில் ஒரு சட்டை வாங்கினார். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவர் டிவி சார்தான். "அட, நம்ம கலரு!"

ஆனால் ஒன்றே ஒன்று முழுக்க முழுக்க வரையறையுடையது. முதலாண்டுப் பிள்ளைகளின் முதல் வகுப்பு. அன்று சீக்கிரமே வந்து, வகுப்பிலிருந்து கொஞ்சம் நாற்காலிகளை எடுத்துப் பக்கத்து அறையில் ஒளித்துவிடுவார். பிள்ளைகள் வருவார்கள். முந்தியவர்கள் உட்காருவார்கள், மற்றவர்கள் சுவரோடு சுவராக நிற்பார்கள். "யாருக்குக் கிடைச்சது, யாருக்குக் கிடைக்கல? இப்படித்தான் இருக்கணும்னு முடிவு பண்ணது யாரு? நின்னவங்க ஏன் ஒண்ணும் கேக்காம நின்னீங்க? இதைக் கேக்கறதுதான் நம்ம பாடம். யார் ஜெயிப்பான்னு சொல்றதில்ல." வருடத்தில் அந்த ஒரு வகுப்பில்தான் ஒருவரும் கொட்டாவி விடமாட்டார்கள்.

இந்த வருடம் அதற்கும் வேட்டு. கல்லூரி முதல்வர் அவரைக் கூப்பிட்டு, "போன வருஷம் பாதிப் பேர் வணிகவியலுக்கு ஓடிட்டாங்க சார். இன்னொரு தடவ ஓடினா துறையையே மூடிடுவாங்க. முதல் கிளாஸ அவர் எடுக்கட்டும். தெரிஞ்ச முகம், பிள்ளைங்க நிப்பாங்க," என்றார்.

"நிக்க வைக்கிறதே நான்தான் மேடம்," என்றார் வரையறை. அந்த அம்மாவுக்குப் புரியவில்லை.

முதல் வகுப்பன்று காலை அவருடைய கால்கள் தாமாகவே வகுப்புக்குப் போயின. எதற்கு என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வழக்கத்தைவிட அதிகமாகவே நாற்காலிகளை எடுத்து ஒளித்தார். பிறகு வராந்தா ஜன்னலோரம் நின்று, பழைய அறிவிப்புகளைப் படிக்கிற மாதிரி பாவனை செய்தார்.

டிவி சார் உள்ளே வந்தார். பார்த்தார். "அட, நாற்காலிக்குப் பஞ்சமா? எல்லாரும் கீழ உக்காருங்கப்பா," என்று தானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வகுப்பே சிரித்தது. கேமரா முன்னால் தன் வழுக்கைக்குப் பவுடர் போட்ட கதையைச் சொன்னார். இன்னும் சிரித்தது. வரையறை அறிவிப்புகளை விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். தானே நாற்காலி எடுத்து, தானே அவனுக்கு மேடை போட்டுக் கொடுத்தாயிற்று!

அப்போது முன்னால் இருந்த, கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி கேட்டாள், "சார், நாற்காலிய யாரு எடுத்தாங்க?"

"யாரோ எடுத்திருப்பாங்க, விடும்மா."

"விடக் கூடாது!"

எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். கத்தியது தான்தான் என்பது வரையறைக்கே அப்புறம்தான் உறைத்தது. இனி என்ன, உள்ளே போனார். "நான்தான் எடுத்தேன். எடுக்க எனக்கு யார் அதிகாரம் குடுத்தாங்க? அவர் கீழ உக்காருன்னதும் ஏன் உக்காந்தீங்க? டிவியில வர்றார்னா? அதிகாரம்னா முகராசியா? மூணு வருஷம் இதைத்தான் படிக்கப் போறோம்!"

சிரிப்பு அடங்கியது. சிலர் பேனாவைத் திறந்தார்கள். அவருக்குள் ஏதோ குளிர்ந்தது.

"சரி சார்," என்றாள் அதே பெண். "ஆனா இது உங்க கிளாஸ் இல்லையே. அப்புறம் ஏன் எடுத்தீங்க?"

"முதல்ல அதை..." என்று ஆரம்பித்தார். இத்தனை வருடமாகப் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்று அவர் ஏங்கிய கேள்வி, இன்று அவர் கழுத்துக்கே வந்து நின்றது. பொய் சொன்னால் பாடம் செத்துப்போகும்.

"இவர் மேல பொறாமை," என்றார். "இவர் திண்டாடணும்னு எடுத்தேன்."

டிவி சார் தரையிலிருந்தே அவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோங்கப்பா. முடிவெடுக்கறவனும் மனுஷன்தான். அதனாலதான் அவனை ஏன்னு கேக்கணும்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பல வருடமாக வரையறை தேடிக்கொண்டிருந்த வரி அது. படுபாவி, போகிறபோக்கில் சொல்லிவிட்டான்!

மணி அடித்தது. "நாளைக்கு கிளாஸ் யாரு சார்?" என்று கேட்டாள் கண்ணாடிப் பெண். ஒருத்தர்கூட வணிகவியல் பேச்சை எடுக்கவில்லை.

"அவர்தான்," என்றார் டிவி சார். "என்னைவிட அவர்கிட்டதான் நிறைய சண்டை போடலாம்."

பிள்ளைகள் போனதும் இருவருமாக நாற்காலிகளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். "ஏம்ப்பா, இவ்வளவா எடுப்பே?" என்று சலித்துக்கொண்டே டிவி சார் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துத் தூக்கினார்.

வரையறை பார்த்தார். மூன்றாகத் தூக்கினார்.