கரி பஸ் சாலமோன் பந்தயத்துக்குப் போனது

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரிப்புகையில் ஓடியபோது, அருப்புக்கோட்டைக்கும் வீரசோழனுக்கும் நடுவே ஓடிய பஸ்ஸுக்குச் சாலமோன்தான் டிரைவர். பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பு. அதை மூட்டி, ஊதி, வண்டி உறுமுவதற்குள் அவன் முகம் கரியைவிடக் கறுத்துவிடும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். திருச்சுழிக்கு முன்னால் ஒரு மேட்டில் பால்ச்சாமியின் பருத்தி ஏற்றிய மாட்டுவண்டி ஒருநாள் பஸ்ஸை முந்திப் போனது. பால்ச்சாமி திரும்பிப் பார்த்து, "என்னப்பா, கயிறு கட்டி இழுக்கவா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அன்றைக்குச் சாலமோனுக்குச் சோறு இறங்கவில்லை. வேகத்தின் மேல் ஒரு மனுஷனுக்கு வரக்கூடிய ஆசை முழுவதும் அந்த மேட்டில்தான் அவனுக்கு வந்தது.

நாற்பத்தெட்டில் அதற்கு வழி பிறந்தது. மதுரை மோட்டார் கிளப் ஒன்று கார்ப் பந்தயம் அறிவித்தது. மதுரையில் கிளம்பி, காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாக வீரசோழனில் முடிக்க வேண்டும். பஸ் முதலாளி சங்கரபாண்டியன் ஜவுளிக்கடைக்காரர். அவரிடம் பழைய கார் ஒன்று இருந்தது.

"நம்ம ரோட்டுல வெளியூர்க்காரன் வந்து ஜெயிச்சுட்டுப் போனா நல்லாவா இருக்கும்? நீ ஓட்டு சாலமோனு. நான் பக்கத்துல உக்காந்து கடியாரம் பாக்குறேன்" என்றார். "ஒவ்வொரு ஊருக்கும் தாள்ல போட்டிருக்குற நிமிசத்துக்குப் போகணுமாம். பிந்தினாலும் மார்க்கைக் கொறைப்பாக, முந்தினாலும் கொறைப்பாக."

"முந்தக் கூடாதுன்னா அதுக்குப் பேரு பந்தயமா, மொதலாளி?"

"கிளப்புக்காரக வச்ச சட்டம். நாம என்னத்தக் கண்டோம்?"

எட்டுக் கார்கள் கிளம்பின. அருப்புக்கோட்டை வரைக்கும் நிமிஷம் பிசகவில்லை. அதைத் தாண்டியதும், ரோட்டோரம் கூடையில் இரண்டு கோழிகளோடு நின்ற ராக்கம்மாள் கையைக் காட்டினாள். இத்தனை வருஷமாக அந்த ரோட்டில் யார் கையைக் காட்டினாலும் நிறுத்திப் பழகிய கால், சாலமோனைக் கேட்காமலே பிரேக்கை மிதித்துவிட்டது.

"பஸ்ஸ ஏன்யா இம்புட்டுச் சுருக்கிப்புட்டீக?" என்றபடி பின்சீட்டில் ஏறி நடுவில் உட்கார்ந்தாள். ஆள் கொஞ்சம் தாராளம். கார் பின்பக்கம் இறங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டது.

"ஆத்தா, இது பந்தயக் காரு. எறங்கு" என்றார் சங்கரபாண்டியன்.

"பந்தயத்துக்கு நீங்க போங்க. நான் மக வீட்டுக்குப் போறேன். என்னைய திருச்சுழியில எறக்கிவிட்டுருங்க."

பேசினால் நிமிஷம் போகும். சாலமோன் வண்டியை எடுத்துவிட்டான்.

திருச்சுழியில் வெள்ளைத் தொப்பி வைத்த கிளப்புக்காரர் தலைகளை எண்ணி நோட்டில் கையெழுத்து வாங்கினார். யாரும் கேட்காமலே ராக்கம்மாளும் கைநாட்டு வைத்தாள். நோட்டில் பதிந்தவர்கள் முடிவு வரைக்கும் இறங்கக் கூடாது என்று அப்புறம்தான் அவர் சொன்னார்.

"எதுவரைக்கும்?"

"வீரசோழன் வரைக்கும்மா."

ராக்கம்மாள் யோசித்தாள். "சரி. அங்கயும் எனக்குச் சொந்தம் இருக்கு."

திருச்சுழியைத் தாண்டியபோது நேரம் எழுதிய தாள் காற்றில் பின்சீட்டுக்குப் பறந்தது. எடுப்பதற்குள் ஒரு கோழி வீரசோழனின் நிமிஷத்தைக் கொத்தித் தின்றுவிட்டது. அதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் ரோடு களியாகக் கிடந்தது. முன்னால் போன கார்களில் ஐந்து அச்சுவரை புதைந்து நின்றன.

"ஆத்தா, நடுவுல அசையாம உக்காருங்க. கோழியும் அசையக் கூடாது" என்றான் சாலமோன்.

கரிசலில் நிறுத்தினால் செத்தோம் என்று அவனுக்குத் தெரியும். இரண்டாவது கியரில் போட்டு, ஏற்றாமல் இறக்காமல் ஒரே சீராக ஓட்டினான். ராக்கம்மாளின் கனத்தில் பின்சக்கரங்கள் களியைக் கடித்துப் பிடித்தன. முழங்கால் சேற்றில் நின்ற ஒரு மதுரைக்காரர் உதவி கேட்டுக் கையைக் காட்டினார். சாலமோனின் கால் பிரேக்குக்குப் போனது. சங்கரபாண்டியன் குனிந்து அந்தக் காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

களியைத் தாண்டியதும், போய்ச் சேர வேண்டிய நிமிஷம் தெரியாமல் சாலமோன் விரட்டிய விரட்டில், வீரசோழனுக்குப் பத்தொன்பது நிமிஷம் முன்னதாகவே போய்விட்டார்கள். மார்க் ஏகத்துக்குக் குறைந்தது. ஆனாலும் வந்து சேர்ந்ததே மூன்று கார்கள் என்பதால் இரண்டாம் பரிசு. பெண்களுக்கு மரியாதை என்று வெள்ளிக் கோப்பையை ராக்கம்மாள் கையில் கொடுத்தார்கள். அவள் உள்ளே எட்டிப் பார்த்து, "மூடி இல்லையா?" என்று கேட்டாள்.

கூட்டத்தில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துக்காரர் சாலமோனை மறுவருஷ மலைப் பந்தயத்துக்குத் தன் கார் ஓட்டக் கூப்பிட்டார். நேர் ரோட்டைத் தவிர வேறு ரோடு பார்த்திராத சாலமோன், முதல் கொண்டை ஊசி வளைவைப் பார்த்து, "ரோட்டை எதுக்கு மடிச்சு வச்சிருக்காக?" என்றான். மூன்றாவது வளைவில் வாந்தி. நிறுத்தவில்லை, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே ஓட்டி, பதினொரு பேரில் நாலாவதாக வந்தான்.

"வாந்தி எடுத்துக்கிட்டே நாலாவதுன்னா, எடுக்காம ஓட்டினா என்னப்பா ஆவே?" என்றார் தோட்டத்துக்காரர்.

அடுத்த மாதம் நடந்த இன்னொரு மலைப் பந்தயத்தில் வாயில் எலுமிச்சம்பழத்தைக் கவ்விக்கொண்டு ஓட்டினான். முதலாவதாக வந்தான். சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அங்கே நின்ற போலீஸ்காரர் உட்பட எல்லோருக்கும் கைகொடுத்தான். பிறகு ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அம்மா சவுந்தரத்துக்குக் கார்டு எழுதினான்:

"கர்த்தர் கிருபையால் முதலாவதாக வந்தேன். இங்கே குளிர் தாங்கவில்லை. கம்பளி அனுப்பவும்."