கேற்றைப் பிடித்தவர் யார்

பேய், சகுனம், கண்ணூறு, இதெல்லாம் எனக்குக் கிட்ட வராது. இருபது வருடமாய் வெஸ்ட்மீட்டில் ஒரு ஆய்வுகூடத்தில் இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்கிறவள் நான். ஒன்று தெரியவில்லையென்றால் லென்ஸை மாற்றிப் பார், இல்லையென்றால் அது அங்கே இல்லை, அவ்வளவுதான். நீங்கள் இப்போதே ஒரு மாதிரிப் பார்க்கிறீர்கள். பாருங்கள். இன்னொருத்தி சொல்லி நான் கேட்டிருந்தால் எனக்கும் அந்த முகம்தான் வந்திருக்கும்.

நாற்பத்தேழு வயதில் குதிரை ஓடப் பழகப் போனேன். மகளுக்கென்று பதிந்து, மகள் மூன்றாம் கிழமையே "போரிங் அம்மா" என்று விட்டுவிட, குதிரையின் கழுத்துச் சூடு என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டுவிட்டது, என்ன செய்ய. துணைக்கு ரோசலின் அக்காவை இழுத்தேன். மன்னார்க்காரி, ஆஸ்பத்திரியில் தாதி, என்னைவிட ஆறு வயது கூட. "எங்கட ஊரில கழுதைதான் பிள்ளை, இது அதின்ர பணக்காரச் சொந்தம்" என்று சொல்லிச் சொல்லியே ஏறப் பழகினா. அவவுக்கு டியூக் என்ற பெரிய கறுப்புக் குதிரை. எனக்கு ஹனி, பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை.

குதிரை ஓடுகிற ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், பாய்ச்சலுக்குப் பயமில்லை, பாம்புக்குக்கூட அவ்வளவில்லை, கேற்றுக்குத்தான் பயம். பாதைக்குக் குறுக்கே இருக்கிற இரும்புக் கேற்றுகள், வேலிக் கதவுகள், ஸ்பிரிங்கில் தானாய் மூடும். குதிரை பாதி உள்ளே பாதி வெளியே நிற்கையில் அது வந்து விலாவில் அடித்தால், எவ்வளவு சாதுவான குதிரையும் கண்மண் தெரியாமல் ஓடும். எங்களைப் பழக்கிய ஜெனி அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தா: திறந்தவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், மற்றவர் பேசாமல் போக வேண்டும். யோசிக்கக் கூடாது, கதைக்கக் கூடாது.

கதைக்காமல் போகிற சாதியா நாங்கள்?

அது ஆனி மாதம், பூமியின் இந்தத் தெற்குப் பக்கத்தில் குளிர்காலம், பின்னேரம் நாலரை இருக்கும். வெளிச்சம் தண்ணீர் விட்ட தேநீர் மாதிரி வெளிறிக்கொண்டு வந்தது. சரிவின் அடியில் ஒரு புதுக் கேற், அதற்கப்பால் இருபது அடி புல், அதற்கப்பால் லொறிகள் போகிற தெரு. அக்கா குனிந்து தாழ்ப்பாளைத் தூக்கித் தள்ளித் திறந்தா.

"நீர் முதல்ல போம்."

"இல்லை அக்கா, நீங்கள் போங்கோ. நான் பிடிக்கிறன்."

"திறந்தது நான், போமன் பிள்ளை."

"மூத்தவ நிக்க நான் போறதே? போங்கோ அக்கா."

கலியாண வீட்டில் பந்திக்குப் போகிற மாதிரி. மூன்று தரமோ நாலு தரமோ. குதிரைகள் கூடச் சலித்திருக்கும். கடைசியில் அக்கா "சரி, உம்மோட மல்லுக்கட்ட ஏலாது" என்று கேற்றை என் கைக்கு விட்டுவிட்டு டியூக்கை நடத்தினா. நான் கையை நீட்டினேன். அந்த நொடி பார்த்து ஹனி பக்கவாட்டில் ஓரடி விலகினாள். என் விரல் நுனியில் இரும்பின் குளிர் மட்டும் பட்டுப் போனது.

கேற் வந்தது. அக்காவின் இடது காலைக் குதிரையோடு சேர்த்து நெரித்தது. தாழ்ப்பாளின் நீட்டிக்கொண்டிருக்கிற நாக்கு, கால் வைக்கிற அங்கவடியின் வாருக்குள் போய்க் கொளுவிக்கொண்டது. டியூக்கின் கண் வெள்ளையானது, பின்னங்கால்கள் பதிந்தன, பாயப் போகிறான். பாய்ந்தால் கேற் வாரை விடாது. அக்காவின் முழங்கால் போகும், அல்லது சேணத்தோடு சரிந்து அவன் காலடியில், அதற்குப் பிறகு தெரு. "யேசுவே" என்று அக்கா சொன்னது மூச்சாய்த்தான் வந்தது. என் மரியாதைதான் இதைச் செய்தது என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரியும்.

கேற் திறந்தது.

நம்பினால் நம்புங்கள். ஸ்பிரிங் கிறீச்சிட, மெதுவாய், யாரோ சேணத்தில் இருந்தபடி நிதானமாய் இழுத்துப் பிடிப்பது போல. நாக்கு வாரிலிருந்து கழன்றது. டியூக்கின் மூச்சு இறங்கியது. அவன் நடந்து அப்பால் போனான், பின்னாலேயே ஹனி நான் கேளாமலே போனாள். கேற் அப்படியே திறந்து நின்றது. இன்னும் ஒரு குதிரை கடந்து போகிற நேரம் நின்றது. பிறகு, படார் என்று அடிக்கிற அந்தச் சாமான், பிள்ளை நித்திரை கொள்கிற அறைக் கதவைச் சாத்துவது மாதிரி ஒரு சின்னச் சத்தத்தோடு மூடிக்கொண்டது.

லாயத்துக்கு வந்து ஹெல்மெற்றைக் கழற்றினபோதுதான் அக்கா என் கையைப் பிடித்தா.

"நல்ல காலம் நீர் எட்டிப் பிடிச்சனீர்."

"நான் எங்க அக்கா பிடிச்சனான்? நீங்கள்தானே தள்ளினீங்கள்?"

"என்ர ரெண்டு கையும் டியூக்கின்ர பிடரியில எல்லோ இருந்தது!"

அவவின் காற்சட்டையில் முழங்காலுக்கு மேல் இரும்பின் அடையாளம் கறுப்பாய்ப் பதிந்திருந்தது, தோலில் ஒரு கீறலும் இல்லை. அந்தோனியார்தான் பிடித்தது என்றா. பிள்ளையாராகவும் இருக்கலாம் என்றேன். "ரெண்டு பேருக்கும் குதிரை ஓடத் தெரியுமே?" என்று கேட்டுச் சிரிக்கப் பார்த்தா, சிரிப்பு பாதியில் அழுகையாய்ப் போய்விட்டது.

அந்த இடத்தில் யாரும் விழுந்து செத்தவர்களோ என்று ஜெனியிடம் விசாரித்தேன். அப்படியாவது ஒரு கதை கிடைத்தால் மனம் ஆறும் என்று. கேற் போட்டே ஒரு மாதம்தான், முன்பு அங்கே பாதையே இல்லை, வெறும் பற்றை என்றா.

அக்கா அதற்குப் பிறகு குதிரை ஏறவில்லை. நான் சனிக்கிழமைகளில் போகிறேன், ஆட்களோடு வரிசையில் மட்டும். வரிசையில் முன்குதிரைக்கும் பின்குதிரைக்கும் நடுவே ஒரு குதிரை நீளம் விடுவது முறை. ஹனி இப்போது மூன்று விடுகிறாள். ஜெனி முன்னாலிருந்து "கிட்ட வா, கிட்ட வா" என்று கத்துவா, நானும் குதிகாலால் அமத்துவேன், அவள் அசையமாட்டாள். மூன்று நீளம். ஒரு இடைவெளி, ஒரு குதிரை, இன்னொரு இடைவெளி.

போன சனி காலை, கடுங்குளிர். முன்னால் போனவர்கள் நடந்துகொண்டே இருக்க ஹனி மட்டும் தானாய் நின்றாள். காதை முன்னுக்குக் குவித்து, கழுத்தை நீட்டி, ஒன்றுமில்லாத இடத்தை முகர்ந்தாள். அவள் விட்ட மூச்சு வெண்புகையாய் எழுந்து, ஒரு முழம் போய், எதிலோ பட்டது போல இரண்டாய்ப் பிரிந்து போனது.