பட்டியலில் நான் நீக்கிய இருபத்துமூன்றாவது பொருள்

2018-ஆம் ஆண்டு ஆனி மாதம், நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு வெளியே இருக்கும் எங்கள் வீட்டின் பின்பக்க வராந்தாவில் நடந்தது இது. காலை பத்தே கால் மணி இருக்கும்.

நான் சுரங்கத்தில், நிலக்கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட் பிரிவில் முப்பத்துமூன்று ஆண்டுகள் வேலை பார்த்து, போர்மேனாக ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணிப் பார்த்தால்தான் எனக்கு மனசு அடங்கும். வாசலிலிருந்து பால் பூத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. கேஸ் சிலிண்டரை மூடியாயிற்றா என்று ஒரு நாளைக்கு ஐந்து தடவை போய்ப் பார்ப்பேன். “ஆறாவது தடவையும் பார்த்துட்டு வந்துடுங்க, அப்புறம் சாப்பிடலாம்” என்பாள் மனைவி.

இப்படிப்பட்டவனுக்கு ஓய்வுக்குப் பிறகு ஓர் ஆசை வந்தது. கணினி காட்டும் கோட்டில் தானே நகர்ந்து, மரத்தில் எழுத்தும் பூவும் செதுக்கும் சின்ன இயந்திரம் ஒன்று உண்டு. சி.என்.சி. ரூட்டர் என்பார்கள். புதிதாக வாங்க வசதியில்லை. வீடியோக்களைப் பார்த்து நானே செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டு நிதியமைச்சர் பதினைந்தாயிரத்துக்கு ஒப்புதல் தந்தார், அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

தேவையான பொருட்களைப் பட்டியல் போட்டேன். இருபத்துமூன்று வந்தது. பழைய ஜெராக்ஸ் மெஷின்களிலிருந்து கழற்றிய மோட்டார்கள் பண்ருட்டி பழைய சாமான் கடையில் கிடைத்தன. கட்டுப்பாட்டு அட்டை ஆன்லைனில் வந்தது. செதுக்குவதற்கு, தச்சர் ஒருவர் கழித்துக்கட்டிய டிரிம்மரை, அதாவது முனையில் கத்தி வேகமாகச் சுற்றும் கைக்கருவியை, வாங்கி மேலே பொருத்தினேன். தொகை எல்லையைத் தொட்டபோது கடைசி வரியைப் பார்த்தேன். அவசரமாக நிறுத்துவதற்கான சிவப்பு சுவிட்ச். பிளக்கைப் பிடுங்கினால் நிற்கப்போகிறது, இதற்கு ஒரு சுவிட்சா என்று அதை நீக்கிவிட்டேன். தூசிக்கு முகக்கவசமும் வாங்கவில்லை. தோளில் துண்டு இருக்கிறதே, அது போதும் என்று நினைத்தேன்.

ஏழு மாதத்தில் இயந்திரம் ஓடியது. முதல் இருபது பலகைகள் அடுப்புக்குப் போயின. இருபத்தொன்றாவதில் ‘அ’ என்ற எழுத்து அழகாக வந்தது. அதைத் தெருவில் காட்டாத ஆளில்லை. அப்படித்தான் விஷயம் அவர் காதுக்குப் போனது.

அவர் என் பிரிவில் முன்பு இருந்த கான்ட்ராக்ட் தொழிலாளி. ஐம்பதை நெருங்கும் வயது. குள்ளஞ்சாவடிப் பக்கம் சொந்தமாக வீடு கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்திருந்தார். கையில் ஒரு பலாப் பலகையோடு வந்து நின்றார்.

“எங்கப்பா காலம் முச்சூடும் அடுத்தவங்க நெலத்துலயே வேல செஞ்சாரு சார். அவரு பேரு எந்தப் பத்திரத்துலயும் இல்ல. வூட்டு வாசல்லயாவது இருக்கட்டும். இதுல எழுதித் தாங்க.”

முன்பு வந்த பெரும்புயலில் சாய்ந்த பலா மரத்தின் பலகை அது. அவர் அப்பா கூலிக்குப் பதிலாக வாங்கி வந்தது. கூரை வீட்டில் பரணில் கிடந்திருக்கிறது. அப்பா இறந்துவிட்டார். வேறு பலகை கிடையாது. நான்கு நாட்கள் வெறும் பலகையில் ஒத்திகை பார்த்தேன். அளவை ஒன்பது முறை சரிபார்த்தேன்.

அன்று காலை அவரும் வந்திருந்தார். இயந்திரத்தை ஓட விட்டேன். மஞ்சள் நிறத்தில் பலாத்தூள் பறந்தது. துண்டை மூக்கைச் சுற்றிக் கழுத்தோடு கட்டிக்கொண்டேன். முதல் மூன்று எழுத்துகளும் ஓவியம் போல் வந்தன. நான்காவது எழுத்தின் ஆழம் சரியா என்று குனிந்து பார்த்தேன்.

துண்டின் நுனி, சுற்றிக்கொண்டிருந்த டிரிம்மரில் சிக்கியது.

ஒரே இழுப்பு. கழுத்து இறுகி, முகம் போய் இரும்புச் சட்டத்தில் மோதியது. கையை நீட்டிக் கணினியில் தட்டினேன். நகர்வது நின்றது, நேராக மின்சாரத்தில் ஓடிய டிரிம்மர் சுற்றுவது நிற்கவில்லை. பிளக் நான்கு எட்டு தள்ளி, கதவுக்குப் பின்னால் இருந்தது. அதையும் நான் எண்ணித்தான் வைத்திருந்தேன். எண்ணி என்ன செய்ய?

அவர் பாய்ந்து வந்தார். வந்தவர் கை, இயந்திரம் இருந்த மேஜையின் ஓரத்தில் இடுப்பு உயரத்தில் காற்றைத் துழாவியது.

“கயிறு எங்க சார்? கயிறு எங்க?”

சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். கன்வேயரின் இரு பக்கமும் நெடுக ஒரு கயிறு ஓடும். எவராவது சிக்கிக்கொண்டால், நிற்கிற இடத்திலிருந்தே அதை இழுத்தால் போதும், பெல்ட் நின்றுவிடும். ஆபத்து என்றால் எங்கள் ஆட்களின் கை தானாக அங்கேதான் போகும். ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் அதை இழுத்துச் சோதித்தவன் நான்.

என் மேஜையில் கயிறு இல்லை. கண நேரம் தேடிவிட்டு, அவர் வயரைப் பார்த்தார். அதை அப்படியே இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பிளக் பிய்ந்து வந்தது. சத்தம் அடங்கியது.

சமையலறையிலிருந்து ஓடிவந்த மனைவி அரிவாள்மனையால் துண்டை அறுத்து என்னை விடுவித்தாள். தாடையில் இரண்டு தையல். அவ்வளவோடு போயிற்று.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் பலகையைப் பார்த்தேன். நான் மோதிய வேகத்தில் டிரிம்மர் இழுபட்டு, அவர் அப்பாவின் பெயருக்குக் குறுக்கே, முதலெழுத்திலிருந்து கடைசி வரை ஆழமாக ஒரு கீறல். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அருகில் உட்கார்ந்து, அறுந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“இதுக்கு எனக்கு ஒரு ஷிப்ட் கட் பண்ணீங்களே சார். இன்னிக்கு உங்களுக்கு யாரு கட் பண்றது?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், கன்வேயர் ஓரம் தோளில் துண்டோடு நின்றவரை அந்த ஷிப்டிலிருந்து நான் வெளியே அனுப்பினேனாம். அன்றைய கூலி போயிற்றாம். பால் பூத்துக்கு எத்தனை எட்டு என்று சொல்லத் தெரிந்த எனக்கு, அது நினைவிலேயே இல்லை.

“அன்னிக்கு நான் செஞ்சது தப்பாப்பா?” என்று கேட்டேன்.

“தப்பில்ல சார். உங்கள திட்டிக்கினேதான் வூட்டுக்குப் போனேன். ஆனா அப்பறம் துண்டு எடுத்துக்கினு உள்ள போனதே இல்ல.”

“உங்களைத் திட்ட எனக்கு ஒரு ஆள் துணை கிடைச்சது” என்றபடி மனைவி அவருக்குக் காபி கொடுத்தாள்.

பலகைக்கு என்ன செய்வது என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் அதைத் திருப்பிப் போட்டார். “பின்பக்கம் சும்மாதான கெடக்குது. இதுல எழுதுங்க.”

மறுநாளே மனைவி, நான் கேட்காமலே பணம் எடுத்து வைத்தாள். இருபத்துமூன்றாவது பொருளை வாங்கினேன். அதோடு, மேஜையைச் சுற்றி இடுப்பு உயரத்தில் ஒரு சிவப்பு நைலான் கயிறும் ஓடவிட்டேன். எந்தப் பக்கம் இழுத்தாலும் மின்சாரம் நின்றுவிடும். இரண்டடி மேஜைக்கு இவ்வளவு கயிறா என்று பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். பெயரை மறுபடி செதுக்கிய அன்று, சட்டைப் பொத்தானைக்கூட இறுகப் போட்டுக்கொண்டு நான் நின்றேன். கயிற்றைப் பிடித்தபடி அவர் நின்றார். நான்கு எழுத்துகளும் பிசகில்லாமல் வந்தன.

கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தோம். வாசற்படிக்கு மேல் பலகை மாட்டியிருந்தது. கீறல் விழுந்த பெயர் சுவரைப் பார்த்திருக்க, நல்ல பெயர் தெருவைப் பார்த்திருந்தது. “எங்கப்பா ரெண்டு பக்கமும் காவல் இருக்காரு சார்” என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போதும் இயந்திரத்தை ஓட்டும் முன் அந்தக் கயிற்றை ஒரு முறை இழுத்துப் பார்க்கிறேன். ஊருக்கெல்லாம் சொன்ன விதியிலிருந்து எனக்கு மட்டும் நான் விலக்குக் கொடுத்துக்கொண்ட அன்று, என்னைக் காப்பாற்ற வந்த கை வெறும் காற்றைத் துழாவியதே, அந்தக் கண நேரம் மட்டும் எத்தனை நொடி என்று இன்றுவரை என்னால் எண்ணி முடிக்க முடியவில்லை.