விஸ்வகர்மா பூஜையன்று ஓடிய லேத்

ஹவுராவில் ஒற்றை லேத்தை நம்பிக் குடும்பம் நடத்தியவர் ஏழுமலை. வந்தவாசிப் பக்கத்துக்காரர். பொய் சொல்ல வாயைத் திறந்தாலே விக்கல் வந்துவிடும் அவருக்கு.

எழுபத்தொன்றில் எல்லைக்கு அப்பால், கிழக்கு வங்காளத்தில், விடுதலைச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஜெஸ்ஸூரிலிருந்து தப்பி வந்த அன்வர் என்ற கல்லூரி மாணவன், மூன்று சாக்கு நிறைய வார்ப்பிரும்புக் கூடுகளை அவர் பட்டறையில் இறக்கினான். கையெறி குண்டுக்கான கூடுகள். அவற்றின் வாயில் திருகு மரை வெட்டித் தரவேண்டும். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் லாரி கிளம்பிவிடும். எல்லையில் அவன் அண்ணன் வெறுங்கையோடு காத்திருந்தான்.

ஏழுமலை சரியென்றார். அப்புறம் புதனும் வியாழனும் கரண்ட் இல்லை. வெள்ளியோ விஸ்வகர்மா பூஜை. அன்றைக்கு அந்தச் சந்தில் எந்த மெஷினும் ஓடக்கூடாது. ஓட்டினால் சாமி குற்றம்.

வேறு வழியில்லாமல் லேத்துக்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தார். ஒலிபெருக்கிப் பாட்டு சத்தத்தை மூடிக்கொண்டது. நடுவில் பாட்டு நின்றதும் சந்து முழுக்க லேத்தின் உறுமல் கேட்டது. சந்தே 'தா', 'தாதா' என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடும் பூஜைக் கமிட்டி கார்த்திக் தா, பிரசாதக் கிச்சுடித் தட்டோடு வந்து நின்றார்.

"என்ன ஏழுமலை, இன்னிக்குமா?"

ஏழுமலைக்கு விக்கல் எடுத்தது. அவர் மனைவி சுலோசனா முந்திக்கொண்டாள். "எங்க ஊர் வழக்கம் தாதா. பூஜையன்னிக்கு மெஷின் நின்னா சாமி தூங்கிடும்."

"மந்திரம் கிடையாதா?"

"சொல்லிக்கிட்டுதான் இருந்தாரு. உங்களைப் பாத்ததும் வெக்கப்பட்டு நிறுத்திட்டாரு." பிறகு தமிழில், "எதையாச்சும் சொல்லுங்க, மரம் மாதிரி நிக்காம."

ஏழுமலைக்கு நினைவில் வந்தது வாய்ப்பாடுதான். "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு…" பொய் இல்லையே, விக்கல் நின்றுவிட்டது. கார்த்திக் தா கண்ணை மூடிக் கும்பிட்டார்.

கண்ணைத் திறந்தவர் ஒரு கூட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாக்குக்குப் பின்னால் பதுங்கியிருந்த அன்வரையும் பார்த்தார்.

"எங்கம்மா பொறந்தது குல்னா, எல்லைக்கு அந்தப் பக்கம்," என்றார் கார்த்திக் தா, மெதுவாக. "என் லேத்தும் தூங்கக்கூடாது. ஒரு சாக்கை இங்க தள்ளு. பக்கத்துப் பட்டறைக்கு ஒண்ணு. மந்திரத்த மட்டும் சொல்லிக்குடு."

மத்தியானத்துக்குமேல் மூன்று பட்டறைகளிலிருந்தும் ஏழாம் வாய்ப்பாடு வங்காள உச்சரிப்பில் கேட்டது. கணக்கு பல இடங்களில் தப்பு. மரை எதுவும் தப்பவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே லாரி கிளம்பிவிட்டது. சாக்குகளின் மேல் அன்வர் உட்கார்ந்து, யாரோ திணித்த கிச்சுடியைத் தின்றுகொண்டே போனான்.