மருதமுனையில் கிடைத்த ஆட்டுச் சிறுநீரகம்

மருதமுனைக்குப் பலர் இடுப்பில் கட்டும் கைத்தறிச் சாரம் வாங்கப் போவார்கள். நான் போனது ஓர் ஆட்டுச் சிறுநீரகத்துக்காக. கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். அங்கே ஆராய்ச்சி செய்யும் மருதமுனைக்காரி ஃபரீனாவுக்கு, ஆட்டம்மை வைரசை வளர்த்துப் பார்க்க ஆட்டுச் சிறுநீரகக் கலங்கள், அதாவது செல்கள், தேவை. கலங்களைக் குடுவையில் வளர்த்து, நிறைந்ததும் பிரித்து அடுத்த குடுவைக்கு மாற்றி, இப்படியே மாதக்கணக்கில் சாகாமல் கொண்டுபோனால் அது ஒரு செல் லைன். இரண்டு முறை முயன்றோம். ஒன்றில் பூஞ்சணம் பிடித்தது. மற்றது எட்டாவது மாற்றத்தோடு களைத்து நின்றுவிட்டது. மூன்றாவதும் தவறினால் தலைப்பையே மாற்ற வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். ஃபரீனாவின் மூன்று வருட உழைப்பு அது.

ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்துப் பங்கிடும் குர்பானுக்கு நோய் நொடி, ஊனம் இல்லாத ஆட்டைத்தான் தேர்வார்கள். “எங்கட சாச்சா காது கிழிஞ்ச ஆட்டைத் திரும்பியும் பாக்க மாட்டார், அக்கா” என்று தன் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னாள் ஃபரீனா. அதைவிட நல்ல ஆட்டை எங்கே தேடுவது? கடந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள் காலை ஆறரைக்குப் பஸ் ஏறினோம். மஹியங்கனை, மஹாஓயா, அம்பாறை வழியாகக் கல்முனை ஏறத்தாழ இருநூறு கிலோமீற்றர். ஏழு மணித்தியாலம், ஆளுக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய். மலை இறங்கியதும் சமவெளி, வெயில், அரைத்தூக்கம். சம்மாந்துறை வயல்களை விழித்திருந்து பார்த்தேனா, கனவில் பார்த்தேனா என்று இன்றும் தெரியாது.

கல்முனையிலிருந்து மருதமுனைக்கு நான்கு கிலோமீற்றர், ஓட்டோவுக்கு நானூறு ரூபாய். சிறுநீரகத்தைக் கொண்டுவர ஐஸ் நிரப்பி என் மடியில் வைத்திருந்த பெட்டியைப் பார்த்து ஓட்டோக்காரர், “பெருநாளுக்கு ஐஸ்கிறீமா?” என்றார்.

“வெறும் ஐஸ்தான்.”

“ஐஸ் எங்கட ஊர்லயும் இரிக்கே. கண்டியிலயிரிந்தா கொண்டு வாறீங்க?”

சாச்சா வீட்டில் தங்கி, மறுநாள் விடியலில் கடற்கரைக்குப் போனேன். பெருநாள் என்பதால் தறிச் சத்தம் இல்லாத ஊர். பள்ளிவாசல்களின் தக்பீர் முழக்கம் காற்றோடு வந்தும் போயும் கொண்டிருந்தது. அலைக்கும் மணலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் நின்றேனோ, ஃபரீனா வந்து கையைப் பிடித்தபோதுதான் வந்த வேலை நினைவுக்கு வந்தது.

தொழுகை முடிந்து, எட்டரைக்கு சாச்சா பின்வளவில் ஆட்டை அறுத்தார். விருந்தாளிகளை அங்கே நிற்க விடவில்லை. கையுறை போட்ட கைகளோடு, முன்னால் வைத்த வட்டிலப்பம் என்ற இனிப்பைப் பார்த்தபடி இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஃபரீனாவின் மூத்த சகோதரியான ராத்தா ஒரு தட்டோடு சிரித்துக்கொண்டு வந்தார். தட்டில் பளபளவென்று மஞ்சளாக ஒரு சிறுநீரகம்.

“மஞ்சளும் உப்பும் போட்டு நல்லாக் கழுவியிரிக்கன். விருந்தாளிக்குக் கழுவாமக் குடுக்கிறதா?”

அதில் உயிரோடு ஒரு கலமும் மிஞ்சியிராது. மற்றச் சிறுநீரகம் மூன்று வீடு தள்ளி, தறி நெய்யும் ஜெஸீமா வீட்டுக்குப் பங்காகப் போய்விட்டது. கொடுத்த பங்கைத் திரும்பக் கேட்பது அங்கே பெரிய வெட்கம். ஃபரீனா வேலியோரம் நின்று அழுதாள்.  வெளியூர்க்காரிக்கு வெட்கம் கொஞ்சம் குறைவுதானே, நான் போனேன்.

ஜெஸீமாவுக்கு நாற்பது வயதிருக்கும். இறைச்சிப் பை இன்னும் அவிழ்க்கப்படாமல் இருந்தது.

“கறிக்கா?” என்று கேட்டார்.

“இல்லை அக்கா, வளர்க்க.”

“அறுத்த ஆட்டில உசிரு கிடக்குமா?”

“கொஞ்ச நேரம் கிடக்கும். அதற்குள் எடுக்க வேணும்.”

என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். “எனக்கு வந்தத நான் ஆருக்கும் குடுப்பன். எடுங்க. வளந்தாச் செல்லுங்க. செத்தாச் செல்ல வேணாம்.” அங்கே ‘செல்ல’ என்றால் ‘சொல்ல’.

பெருநாளன்று பஸ் அருமை. சாச்சா பிடித்துத் தந்த வேனில் திரும்பினோம். அன்று மாலையே நறுக்கி, நொதியத்தில் பிரித்து, குடுவையில் இட்டோம். மூன்றாம் நாள் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கலங்கள் அடியில் ஒட்டிப் படர்ந்திருந்தன, பனிமூட்டத்தில் தெரியும் வயல் வரப்புகள் மாதிரி. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. எட்டாவது மாற்றம் தாண்டியது, இருபதும் தாண்டியது. ஜெஸீமாவுக்குச் சொல்வோம் என்றேன். “முழுக்க நிச்சயமாகட்டும், அக்கா” என்றாள் ஃபரீனா. எங்கள் தொழிலில் அப்படித்தான். வேறு கலம் கலந்துவிட்டதா, கிருமி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்காமல் வாய் திறக்க மாட்டோம். ஐம்பதாவது மாற்றத்தில் நிறமூர்த்தங்களை, அதாவது குரோமோசோம்களை, எண்ணினோம். பெரும்பாலான கலங்களில் அறுபது, ஆட்டுக்குரிய எண்ணிக்கை. ஏழு மாதம் ஆகியிருந்தது.

போகிறவர்களுக்கு: பெருநாளுக்கு முதல் நாளே போய்ச் சேருங்கள், அன்று கடைகளும் பூட்டு. திரும்பும் வாகனத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். மாதிரி எடுக்கப் போனால் ஆட்டுக்காரரிடம் மட்டுமல்ல, சமையலறையிலும் விளக்கிச் சொல்லுங்கள்.

கடைசியில் ஃபரீனா ஜெஸீமாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். வளர்ந்துவிட்டது, இன்னும் வளர்கிறது என்று சொன்னாள். 

“நீங்க ஒண்டும் செல்லாததால, செத்திட்டெண்டு நினைச்சி அழுதன்” என்றார் ஜெஸீமா. “எப்ப உசிரு பிடிச்சது?”

“மூணாம் நாள்.”

“அண்டைக்கே செல்லியிரிக்கலாமே, புள்ள.”