கரண்ட் வைக்கப் போன அன்று விழுங்கிய மாத்திரை

போன வருஷம் ஆடி மாதம், மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது இது. எனக்குப் பார்க்கின்சன் நடுக்கம். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் மண்டையில் துளை போட்டு, மூளைக்குள் மெல்லிய வயரை இறக்கி, நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு பேட்டரியையும் வைத்திருந்தார்கள். அன்றைக்கு அதில் கரண்ட் விட்டு, எனக்கு எவ்வளவு தேவை என்று அளவு வைக்க வேண்டும். முந்தின ராத்திரியிலிருந்து மாத்திரையே போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். மருமகள் டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

மாத்திரை இல்லையென்றால் நான் மரக்கட்டை. எங்கள் ஊர் ஒத்தக்கடையிலிருந்து அந்தக் கோலத்தில் போக எனக்கு வெட்கம். பூட்டுவதற்கு முன்பே இரண்டை எடுத்து முந்தானையில் முடிந்திருந்தேன். காலையில் பல் விளக்கும் சாக்கில் விழுங்கிவிட்டேன்.

"என்னத்தே, இன்னைக்கு இம்புட்டு வேகமா நடக்குறீங்க?" என்றாள் மருமகள்.

"ஆஸ்பத்திரி பேரைக் கேட்டதும் நோயி பயந்து ஓடிருச்சுடி."

டாக்டர் சின்ன வயசுப் பெண். "மாத்திரை போட்டீங்களா பாட்டி?" என்று கேட்டார்.

"சாவி இவகிட்டல்ல இருக்கு, இவளைக் கேளுங்க" என்றேன். பொய் சொல்லவில்லை பாருங்கள்!

கரண்டைக் கூட்டிக் குறைக்கும் கருவியோடு எதிரில் உட்கார்ந்த டாக்டரிடம், "ரிமோட்டு மாதிரி இருக்கே தாயி, நல்ல சேனலா வையி" என்று கிண்டலும் அடித்தேன்.

கரண்டைக் கொஞ்சம்தான் கூட்டியிருப்பார். என் வலது கை தன்னால் மேலே பறந்தது. கால் எத்தியதில் பக்கத்து நாற்காலி சுவரில் போய் மோதியது. உடம்பு பாம்பாக நெளிந்தது. டாக்டர் சட்டென்று குறைத்துவிட்டு வேறு மாதிரி வைத்துப் பார்த்தார். அப்போதும் அதே கூத்து. அவர் முகம் மாறிவிட்டது.

"இவ்வளவு கம்மி கரண்டுக்கு இப்படி ஆகக் கூடாது. வயர் நகர்ந்திருக்கும்னு சந்தேகமா இருக்கு. ஸ்கேன் எடுப்போம். நகர்ந்திருந்தா மறுபடி ஆபரேஷன்தான்."

முதல் ஆபரேஷனில் முழித்திருக்க வைத்தே மண்டையைக் குடைந்தார்கள். அந்தச் சத்தம் காதுக்குள் மறுபடி கேட்டது.

"அய்யோ, அத்தே தாங்க மாட்டாகளே!" என்று மருமகள் அழுதேவிட்டாள்.

என் வாயில் ஒரு கிண்டலும் வரவில்லை. "தாயி... காலையில ரெண்டு மாத்திரை போட்டேன்."

"சாவி எங்கிட்டல்ல இருக்கு!" மருமகள் வாயைப் பிளந்தாள்.

"நீ பூட்டுறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்டி."

டாக்டர் கருவியைக் கீழே வைத்தார். பிறகு, "பாட்டி, மாத்திரையும் கரண்டும் சேந்துதான் இந்த ஆட்டம். உங்க நடுக்கத்தைப் பாத்துத்தான் நான் அளவு வைக்கணும். அதை ஒளிச்சு வச்சுட்டா எதைப் பாத்து வைப்பேன்?" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

இரண்டு நாள் கழித்து மாத்திரை இல்லாமல் போனேன். ஆட்டோவிலிருந்து என்னை மூட்டை மாதிரி தூக்கி இறக்கினான் மகன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் ஆடிக்கொண்டிருந்த கை அப்படியே அடங்கியது. என் கைதானா என்று தொட்டுப் பார்த்தேன். ஒரு டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் குடித்தேன்.

என் சாமர்த்தியத்தை நம்பி என் தலையை மறுபடி திறந்தாலும் திறந்திருப்பார்கள். ஊரில் யாரிடம் எவ்வளவு ஜம்பம் அடித்தாலும், அந்த அறைக்குள் மட்டும் ஆடுகிற கையை ஆடவிட்டுத்தான் உட்காருகிறேன்.