பழைய பிரவுசரில் திறந்து கிடந்த கடிதங்கள்

எங்கள் வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு, ஒரு கரண்ட் மீட்டர், ஒரு ஈமெயில் ஐடி. சுனாமியில் வள்ளம் போன மறுவருஷம் என் வீட்டுக்காரர் வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் புறப்பட்டார். போவதற்கு முன்னால் இருவருமாகப் புதுக்கடைக்குப் போய், மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் ஐடி போட்டோம். ஆளுக்கொன்று போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் எதற்கு ரெண்டு பெட்டி என்று நான் சண்டைக்குத்தான் போயிருப்பேன்.

அதனால் அவர் அங்கே திறப்பதும் நான் இங்கே திறப்பதும் ஒரே பெட்டி. நான் எழுதி எங்கள் ஐடிக்கே அனுப்புவேன், அது எங்கள் பெட்டியிலேயே வந்து விழும். திறக்காத கடிதத்தின் தலைப்பு தடித்த கறுப்பில் இருக்கும். யாராவது திறந்துவிட்டால் எழுத்து மெலிந்துவிடும். நான் எழுதியதை நான் தொட மாட்டேன், அது அவருக்கு. அடுத்த வாரம் போகும்போது மெலிந்திருந்தால் அவர் வாசித்துவிட்டார் என்று அர்த்தம். பதில் எழுதுவதில் மனுஷன் மகா சோம்பேறி. 'சுகம். பிள்ளையைப் பாத்துக்கோ' என்பதற்கு மேல் அவருக்கு வார்த்தை வராது, அதுவும் மூன்று கடிதத்துக்கு ஒன்றுதான். மெலிந்த எழுத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளப் பழகினேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்பார், "வாசிச்சானா மக்கா?"

"வாசிச்சாச்சு மாமி."

அது போதும் அவருக்கு. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

சென்டரில் எனக்கு ஜன்னலோரத்து சிஸ்டம். பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொள்ளவா என்று பிரவுசர் கேட்டது, ஆமாம் என்று அழுத்தினேன். தானாக முன்வந்து ஒரு வேலையைச் செய்கிறேன் என்று என்னிடம் அந்த நாட்களில் வேறு யாரும் சொன்னதில்லை. திரையின் ஓரத்தில் 'சைன் அவுட்' என்று இருக்கும். அதை நான் ஒரு நாளும் அழுத்தியதில்லை. ஒரே பெட்டிதானே, நான் இங்கே வெளியே போனால், அங்கே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிற மனுஷனையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும் என்று நினைத்தேன். இந்த நினைப்பு எனக்கு மட்டும் இல்லை. எங்கள் கரையில் பெட்டியைப் புருஷனோடு பங்கு வைத்திருந்த பெண்கள் பலரும் திரையை மூடுகிற பெருக்கல் குறியை மட்டும் அழுத்திவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள்.

அப்புறம் ஒரு வருஷம் அவர் கடலுக்குப் போன படகு கரைக்குத் திரும்பவில்லை. அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் போன் பண்ணிச் சொன்னார். காற்றில் மூழ்கியிருக்கும் என்றார்கள் சிலர். எல்லை தாண்டிப் போய் அந்த நாட்டுக்காரன் பிடித்து வைத்திருப்பான் என்றார்கள் வேறு சிலர். முதலாளி தேடுவதாகச் சொன்னார், பிறகு போனை எடுக்கவில்லை. அப்படிப் பிடிபட்டு, மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லாமல் கிடந்து, ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டு முன்னால் வந்து நின்றவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. அதனால் நான் அழவில்லை. அழுகை வரவில்லை என்பதுதான் உண்மை. மீன் கழுவினேன், பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்தேன், சனிக்கிழமை சென்டருக்குப் போய், எங்கே இருக்கீங்க என்று எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை எழுத்து மெலிந்திருந்தது.

மாமி தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அவர் ஆத்துமாவுக்குக் கோயிலில் ஒரு பூசை வைத்துவிடலாம் என்று மெதுவாகப் பேச்செடுத்த சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்தினார். "லெட்டர் வாசிக்கவனுக்கு ஏதுலே பூசை?" என்றார். அவர்கள் திரும்பிப் போனார்கள். நான் மாமியைத் தடுக்கவில்லை.

வாரா வாரம் எழுதினேன், வாரா வாரம் மெலிந்தது. ஒரு வரி பதில் இல்லை. ஜெயிலில் பார்க்க விடுவார்கள், எழுத விடமாட்டார்கள் போல என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். ஒரு வாரம் கோபம் பொத்துக்கொண்டு வந்து, வாய்க்கு வந்தபடி ஏசி எழுதினேன். அதுவும் மெலிந்தது. மகளுக்கு மஞ்சக்காமாலை வந்தது. தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் வரவேண்டாம் என்பார்கள் என்று ஊரில் மூச்சு விடாமல், குலசேகரத்துக்குக் கூட்டிப்போய் மருந்து வாங்கிக் கொடுத்தேன். அதையும் அவருக்கு எழுதினேன்.

அந்த மாதம் புதுக்கடை பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் என்னிடம், "மோளுக்கு மஞ்சக்காமால கொறஞ்சுதா அக்கா?" என்று கேட்டாள். சென்டரில் நான் எழுந்ததும் என் இடத்தில் வந்து உட்காருகிறவள். அவள் வீட்டுக்காரர் வளைகுடாவில் தச்சு வேலை. "கொறஞ்சாச்சு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நம் ஊரில் எந்த நோயைத்தான் மூடி வைக்க முடியும் என்று அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் சென்டரில் சிஸ்டம் எல்லாம் சீரழிந்து போயிருந்தது. பழைய பிரவுசரில் பாதித் திரையை யாரும் கேட்காத விளம்பரப் பட்டைகள் அடைத்துக் கிடந்தன. எதைத் தொட்டாலும் உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று ஒரு ஜன்னல் குதிக்கும். யாரோ ஒருவருடைய ஐடியிலிருந்து கன்னாபின்னா படங்கள் அவருடைய மைத்துனிமார்களுக்கெல்லாம் போய், பெரிய ரகளை. சென்டர் நடத்தியவர் என்னைவிட இளையவர், பொறுமைசாலி. அவரே பொறுமை இழந்து எல்லா சிஸ்டத்திலும் வேறு பிரவுசர் போட்டார்.

அந்த சனிக்கிழமை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார்த்தினார். "பழையது சத்திரம் மாதிரி அக்கா, யாரு வந்தாலும் உள்ள விடும். இது அப்பிடி இல்ல. மூடினா பாஸ்வேர்டு மொதக்கொண்டு எல்லாத்தையும் அழிச்சிரும். மேல இந்தப் பூட்டு படம் இருக்கா பாருங்க, அது இருந்தா மட்டும் பாஸ்வேர்டு அடிங்க." தலையாட்டினேன். அவர் கொஞ்சம் தயங்கினார். "ஜன்னலோரத்து சிஸ்டத்துல ஒங்க பெட்டி தொறந்தே கெடந்துது. நீங்க சைன் அவுட் பண்ணதே இல்லியா?"

ஏன் பண்ணவில்லை என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நீங்கள் வெளியே வந்தால் நீங்கள் மட்டும்தான் வருவீர்கள் என்று சொல்லிவிட்டு, பெட்டியின் அடியில் ஒரு பக்கத்தைத் திறந்தார். எங்கிருந்தெல்லாம் பெட்டி திறக்கப்பட்டது என்று அதில் இருந்தது. எல்லாம் ஒரே இடம். நாங்கள் உட்கார்ந்திருந்த அந்த மாடி.

"வேற எங்கயும் இல்லியா?"

"இல்ல அக்கா. ஆனா கடைசியா தொறந்த கொஞ்சத்தத்தான் காட்டும். பழசு தெரியாது." அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பிறகு, "பாஸ்வேர்டையும் மாத்திருவோம். அதுதான் நல்லது" என்றார்.

"மாத்தினா அவரு எப்பிடி உள்ள வருவாரு?"

அவர் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார். போன் வந்த நாளிலிருந்து எனக்கு வராத பயம் அப்போதுதான் வந்தது. வேண்டாம் தம்பி, பாஸ்வேர்டு அப்படியே இருக்கட்டும், பழைய பிரவுசரை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்துவிட்டார். இனி அந்தப் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான், நானும் அவரும். புது பிரவுசரில் பூட்டு படத்தைப் பார்த்துவிட்டு ஒரு கடிதம் எழுதினேன். இதை நீங்கள் மட்டும்தான் வாசிக்க முடியும் என்று எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை அது தடித்தே இருந்தது. அதற்கு அடுத்த சனிக்கிழமையும்.

சென்டர் மாடிப்படியில் அந்தத் தச்சர் பெண்டாட்டி எதிரே வந்தாள். "அக்கா இப்பம் எழுதுறது இல்லியா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு எழுத வராது அக்கா. நீங்க எழுதினதப் பாத்து, பேர மட்டும் மாத்தி எங்க ஆளுக்கு அனுப்புவேன். நீங்க எழுதினத அனுப்பினா அவரு ஒடனே பதில் போடுவாரு."

என் வாயைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள், நான் அவளை ஒரு சொல் ஏசவில்லை. "எல்லாத்தையும் வாசிச்சியா?" என்று மட்டும் கேட்டேன்.

"எல்லாத்தையும்."

"ஏசி எழுதினதயும்?"

"அத அனுப்பல்ல அக்கா. வாசிச்சேன்." அழுதது அவள்தான்.

முந்தைய வருஷங்களில் மெலிந்ததில் எது அவர் வாசித்தது, எது இவள் வாசித்தது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. படி ஏறி, பெட்டியைத் திறந்து, பார்த்துவிட்டு இறங்கினேன்.

மாமியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. கேட்டபோது, "இன்னும் இல்ல மாமி" என்றேன். வாரா வாரம் எழுதினேன், வாரா வாரம் அதையே சொன்னேன். ஜெயிலில் நெட் வேலை செய்யவில்லையோ என்று அவர் ஒரு தடவை கேட்டார். பிறகு காரணம் கேட்பதை விட்டுவிட்டார்.

அக்டோபர் கடைசியில், கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க இறந்தவர்களின் பெயர்களைக் கொடுக்கச் சொல்லிக் கோயிலில் அறிவித்தார்கள். எங்கள் பெஞ்சை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை சென்டருக்குப் போனேன். புது பிரவுசர், பூட்டு, பாஸ்வேர்டு. கடைசியாக நான் எழுதியவை எல்லாம் தடித்த கறுப்பில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தேன். மகள் தேறிவிட்டாள். கிணற்றில் தண்ணீர் உப்பு கரிக்கிறது. மாமிக்குக் கால் வீக்கம். இவ்வளவுதானா எழுதியிருக்கிறேன் என்று இருந்தது. வாசிக்க வாசிக்க எழுத்து மெலிந்துகொண்டே வந்தது. முடித்ததும் சைன் அவுட்டை அழுத்தினேன், முதல் தடவையாக.

வீட்டில் மாமி வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

"வாசிச்சானா மக்கா?"

"நான் வாசிச்சேன் மாமி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, உள்ளே போய், கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"கோயில் ஆபீசு அடைக்கதுக்கு முன்ன போயி அவன் பேரக் குடுத்துருவோம்" என்றார். "வா."